சிறுகுறிஞ்சானும் ஒரு தடுப்பானும்

குழந்தைக்காக மதுரையில் சிகிச்சை எடுக்கிற என் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, முட்டை வளரத்தான் இத்தனை ஊசி போட்டாங்க. இப்ப இது எதுக்கு?" கையில் செட்ரோரெலிக்ஸ் குப்பி. 0.25 மில்லிகிராம் வெள்ளைப் பொடி. தண்ணீர் விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைத்து, வயிற்றில் தோலுக்கடியில் போட வேண்டும். டாக்டர் எடுப்பதற்கு முன்பே முட்டை வெளியேறிவிடாமல் தடுக்கத்தான் என்றேன்.

மருந்தியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த மருந்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. முட்டை வெளியேறுவதற்கான சங்கிலியைத் தொடங்கிவைப்பது மூளையில் சுரக்கும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன். அதில் இருப்பது 10 அமினோ அமிலங்கள். அவற்றில் 5 இடங்களை மாற்றினால் செட்ரோரெலிக்ஸ். ஏற்பியை, அதாவது ஹார்மோன் போய் ஒட்டுகிற செல்லின் புரதத்தை, தூண்ட 2, 3ஆம் இடங்கள் முக்கியம். அங்கே ஆளை மாற்றிவிட்டால் மருந்து ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் தூண்டாது. மாற்றியவை எல்லாம் டி-வகை (வழக்கமானவற்றின் கண்ணாடிப் பிம்பம் போன்ற) அமினோ அமிலங்கள் என்பதால் உடம்பின் நொதிகளாலும் சட்டென்று வெட்ட முடியாது.

6ஆம் இடம்தான் படாதபாடு படுத்தியது. முந்தைய தடுப்பான்களில் அங்கே நேர்மின்சுமை கொண்ட டி-ஆர்ஜினின் இருந்தது. ஏற்பியை நன்றாகவே அடைத்தன. ஆனால் சம்பந்தமே இல்லாத, ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்களைக் கிளறிவிட்டு ஹிஸ்டமினைக் கொட்டவைத்தன, வீக்கம், தடிப்பு. செட்ரோரெலிக்ஸில் அந்த இடத்தில் மின்சுமை இல்லாத டி-சிட்ருலின். தங்கச்சிக்கு ஊசி போட்ட இடம் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த சராலசின், அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொண்டே கொஞ்சம் தூண்டவும் செய்தது. ஆஞ்சியோடென்சின் உருவாகத் தேவையான ரெனின் குறைவாக இருந்தவர்களுக்கு அழுத்தம் ஏறியது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோசார்டனுக்கு அந்தக் குணம் இல்லை. ஆஞ்சியோடென்சின் ஏற்பிகளில் ஏடி1 என்ற வகையை மட்டும் குறிவைக்கும், மாத்திரையாக விழுங்கவும் முடியும்.

இதையெல்லாம் என் மாணவிகளிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. அழகர்கோவில் பக்கமிருந்து, சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தும் மூலிகையான சிறுகுறிஞ்சானின் இலை கொண்டுவந்து சாறு எடுத்திருக்கிறார்கள். கணையச் செல்களில் இன்சுலின் கூடுகிறது, அதுவும் குடலில் சுரந்து இன்சுலினைக் கூட்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் ஏற்பி வழியாகத்தான் என்று எழுத ஆசை. சரி, அதைக் காட்ட வேண்டுமே! கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கிடைத்த எக்ஸென்டின்-4, 39 அமினோ அமிலங்கள் கொண்டது. அந்த ஏற்பியைத் தூண்டும். முதல் எட்டை வெட்டிவிட்டால் மிஞ்சும் 9-39 துண்டு அதே ஏற்பியை அடைக்கும். செல்களை வளர்க்கும் தட்டில் ஒரு குழியில் சாறு மட்டும், அடுத்ததில் சாறோடு தடுப்பான். அப்புறம் தடுப்பான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஜிஎல்பி-1ஓடு தடுப்பான் ஒரு குழியில். தடுப்பான் போட்டும் சாறு இன்சுலினைக் கூட்டினால், அது வேறு வழியில் வேலை செய்கிறது. அந்த வழி எது என்று அடுத்து தேடலாம்.