கயாக்குக்கு லேண்டிங் நெட்: குட்டைக் கைப்பிடி, ரப்பர் வலை

தூண்டிலில் மாட்டிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளும் கைவலைதான் லேண்டிங் நெட். கடையில் அதைக் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் கரையிலிருந்து மீன் பிடிப்பவர்களுக்கானது. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளும் கைப்பிடி, பச்சை நைலான் வலை, மடக்கும் முக்கோண வளையம். ஏரிக்கரையில் நின்று கட்லா தூக்க அது நல்ல சாமான். கயாக் எனும் சின்னத் துடுப்புப் படகில் அதே நெட் துடுப்பில் இடிக்கும், பெடலில் மாட்டும், கடைசியில் மீனையும் தப்பவிடும்.

கயாக்கில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு கையில் ராட், அதாவது தூண்டில் கம்பு. நெட்டுக்கு மிஞ்சுவது இன்னொரு கை மட்டும். தண்ணீர் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மீன்பிடி கயாக்கின் அகலம் பொதுவாக 75 முதல் 90 செ.மீ.; தலை அந்த விளிம்பைத் தாண்டி வெளியே போனால் மீனோடு நாமும் தண்ணீரில்தான். நெட்டின் அளவை இவைதான் தீர்மானிக்க வேண்டும். மீனின் எடையெல்லாம் அதற்கப்புறம். இங்கே சொல்லும் அளவுகள், கழிமுகத்திலும் அலையாத்திக் கால்வாய்களிலும் லூர் (செயற்கை இரை) போட்டு ஐந்து கிலோ வரை கொடுவா பிடிப்பவர்களுக்கு.

கைப்பிடியில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது அங்கேதான். நீளமாக இருந்தால் தூரத்திலேயே மீனை அள்ளிவிடலாம் என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. நான்கு கிலோ மீன் கையிலிருந்து 90 செ.மீ. தள்ளித் தொங்கினால் ஒரு மணிக்கட்டால் அதை நிமிர்த்த முடியாது. பிடி நழுவும், இல்லையென்றால் உடல் அந்தப் பக்கம் சாயும். கைப்பிடி 35–50 செ.மீ., வளையத்தோடு சேர்த்து மொத்தம் ஒரு மீட்டருக்குள் இருந்தால் போதும். கைப்பிடியின் பின்முனை முன்கைக்கு அடியில் போய் முட்டுக்கொடுக்கிறதா என்று பாருங்கள். அப்படி முட்டுக்கொடுத்தால் சுமை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மாறிவிடும்.

இழுத்து நீட்டும் கைப்பிடி உப்புத் தண்ணீருக்கு ஆகாது. பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன ஸ்பிரிங் துருப்பிடிக்கும், குழாய்களுக்கு நடுவே மணல் ஏறி இறுகும். பாதி நீண்ட நிலையில் மீன் உள்ளே வந்ததும் அது சரிந்து உள்வாங்குவதும் உண்டு. மடக்கும் மாடல் வேண்டுமென்றால் மடிப்பில் உலோகப் பூட்டு இருப்பதாக வாங்குங்கள். கைப்பிடியும் வளையமும் சேரும் ‘ஒய்’ இணைப்பு பிளாஸ்டிக் என்றால் முதலில் உடைவது அதுதான்.

வளையம் 45 செ.மீ. அகலம், 50–55 செ.மீ. நீளம் இருக்கட்டும். 70 செ.மீ. கொடுவாகூட இதில் வளைந்து படுத்துவிடும். வால் கொஞ்சம் வெளியே நின்றாலும் பாதகமில்லை, பருத்த முன்பாதி உள்ளே விழுந்தால் சரி. இதைவிடப் பெரிய வளையத்தை ஒரு கையால் தண்ணீருக்குள் திருப்புவது கஷ்டம், நீரோட்டம் பிடித்து இழுக்கும். ஆழம் 40 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கொடுவா நெட்டுக்குள் வந்த பிறகும் துள்ளும் மீன், ஆழமில்லாத வலையிலிருந்து ஒரே உதறலில் வெளியேறிவிடும். ஆழம் மிகையானாலும் தொல்லை: மீன் அடியில் சுருண்டு லூரைச் சுற்றி வலையைப் பின்னிக்கொள்ளும். அடிப்பாகம் தட்டையாக இருப்பது இரண்டுக்கும் நடுவே நல்ல தீர்வு.

வலையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கொடுவாவுக்குப் போடும் லூரில் பெரும்பாலும் இரண்டு ட்ரெபிள் ஹூக் (மும்முனைக் கொக்கி), அதாவது ஆறு முனை. ஒன்றோ இரண்டோ மீனின் வாயில் இருக்கும். மீதி எல்லாம் வெளியே. முடிச்சு போட்ட நைலான் வலையில் அந்த மீதி முனைகள் இழைக்குள்ளேயே குத்தி ஏறும். அதைவிட மோசமானது, மீன் இன்னும் உள்ளே வராமல் இருக்கும்போதே வெளியே நிற்கும் முனை வளையத்தின் ஓர வலையில் மாட்டிக்கொள்வது. மீன் வெளியே, லூர் வலையில். அடுத்த உதறலில் ஹூக் நிமிர்ந்துவிடும் அல்லது வாய் கிழிந்துவிடும். பெரிய மீன் படகருகே தப்பிய கதைகளில் நிறைய இந்த வகைதான்.

முழு ரப்பர் வலையில் முனை எளிதில் ஏறாது, ஏறினாலும் திருப்பி எடுத்துவிடலாம். முடிச்சு இல்லாததால் மீனின் மேல்பூச்சு வழவழப்பும் செதிலும் அதிகம் உரியாது, வால் துடுப்பு கிழியாது. திரும்ப விடுபவர்களுக்கு இது முக்கியம்: கொடுவா ஆணாகத் தொடங்கி வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம், பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். குறை என்னவென்றால் ரப்பர் கனம், தண்ணீரில் இழுவையும் அதிகம். ரப்பர் பூசிய நைலான் கனம் குறைவு. ஆனால் வெயிலில் பூச்சு வெடித்து உரிந்தபின் அது வெறும் நைலான்தான். வருடம் முழுக்கக் கடற்கரை வெயிலில் போகிறவர் முழு ரப்பரே வாங்கலாம். கண்ணி விரல் நுழையும் அளவு போதும். பெரிய கண்ணியில் மூக்கு நுழைந்து செவுள் மாட்டும்.

மிதக்குமா என்பதை அட்டையில் போட்டிருப்பதை வைத்து நம்ப வேண்டாம். வலையை முழுக்க நனைத்து, தொட்டியில் அமுக்கி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். உள்ளீடற்ற அலுமினியக் குழாய் முதலில் மிதக்கும், பிறகு ரிவெட் ஓட்டை வழியே தண்ணீர் ஏறி அடியில் போய்விடும். மூழ்கினால் சரிசெய்வது சுலபம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பதால் 500 கிராம் சட்டம் தண்ணீருக்குள் 315 கிராம் அளவே கனக்கும். ரப்பரின் கனம் நீருக்குள் ஏறக்குறைய கணக்கிலேயே வராது. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் ஃபோம் குழாயில் 30 செ.மீ. வெட்டினால் முக்கால் கிலோ அளவுக்குத் தூக்கும். அதை நீளவாக்கில் கீறி, ‘ஒய்’ இணைப்புக்குச் சற்றுப் பின்னே மாட்டி இரண்டு இடத்தில் ஜிப் டை போடுங்கள். பிடிக்கும் இடத்தில் மாட்டாதீர்கள், கை சுற்றி வராது.

மிதந்தாலும் நீரோட்டம் கொண்டுபோய்விடும், ஆகையால் லீஷ், அதாவது நெட்டைக் கட்டிவைக்கும் கயிறு வேண்டும். சுருள் லீஷ், இழுத்தால் ஒரு மீட்டர் வந்தால் போதும். சீட்டுக்குப் பின்னே கயாக்கின் கொக்கியில் மாட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டில் ஒருபோதும் வேண்டாம். கவிழ்ந்தால் ஹூக் சிக்கிய வலை உங்களோடு கட்டுண்டு இருக்கக்கூடாது. அலை உடையும் கரையில் இறங்கும்போதும் ஏறும்போதும் நெட் வெளியிலேயே இருக்கக்கூடாது, மடக்கிப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் ராட் ஹோல்டரில் நெட்டை நட்டு வைப்பது பார்க்க அழகு. பின்னுக்கு வீசும் ஒவ்வொரு காஸ்டிலும் லூர் அதில் மாட்டும், காற்றும் பிடிக்கும். ராட் பிடிக்காத கையின் பக்கம், தொடையை ஒட்டி, கைப்பிடி உங்களை நோக்கி வருமாறு பங்கீ கயிற்றுக்கு (இழுபடும் ரப்பர் கயிறு) அடியில் செருகுங்கள். வலையை ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி வைத்திருந்தால், மீன் மாட்டியதும் முதல் வேலை அதை அவிழ்ப்பது. மீன் பக்கத்தில் வந்தபிறகு அவிழ்க்க கை இருக்காது.

மீன் சாய்ந்து படுக்கும் வரை பொறுங்கள். டிராக்கை (ரீலிலிருந்து நூல் வெளியேறும் இறுக்கம்) சற்றே தளர்த்துங்கள், கயாக்கைப் பார்த்ததும் அடியில் புகுந்து ஓடும். அப்படி ஓடினால் ராட் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, படகின் முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டு போங்கள். கடைசியில் ராட் நுனிக்கு வெளியே இருக்கும் நூல் ராட்டின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்: ஏழு அடி ராட்டுக்கு ஆறு அடி. அதைவிடச் சுருட்டினால் ராட்டைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டிவரும். நுனி அங்கேதான் ஒடியும்.

வளையத்தைப் பாதிக்கு மேல் தண்ணீரில் சாய்த்து அமுக்கி, வலையின் அடியைக் கட்டைவிரலால் கைப்பிடியோடு பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீரோட்டத்தில் வலை உப்பி வாயை மறைக்கும். நெட் அசையக்கூடாது. ராட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய் மீனைத் தலை முன்னே வருமாறு வளையத்துக்குள் இழுங்கள், நுழைந்ததும் கட்டைவிரலை விடுங்கள். வால் பக்கமிருந்து அள்ளினால் வலை தொட்ட நொடியில் முன்னே பாய்ந்துவிடும்.

உள்ளே வந்ததும் உடனே தூக்காதீர்கள். வளையத்தின் வாயை மட்டும் நீருக்கு மேலே நிறுத்தி, நூலைத் தளர்த்தி, ராட்டை ஹோல்டரில் வையுங்கள். மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், அதற்குள் பிளையரை எடுத்துக்கொள்ளலாம். பிறகு கைப்பிடியை விட்டு வளையத்தையே இரண்டு கைகளாலும் பிடித்து, இடுப்புக்கு நேரே உள்ளே இழுங்கள். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், ஆகவே செவுளைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இந்த மீனிடம் வேண்டாம். ட்ரெபிளுக்குப் பதில் ஒற்றை ஹூக் மாற்றிக்கொண்டால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

எல்லா மீனுக்கும் நெட் போட வேண்டியதில்லை. கடல் கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் வாள்பல் கொண்டவை, விஷமும் உண்டு. நைலான் கண்ணியில் அவை ஏறினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். படகுக்கு வெளியே வைத்தே பிளையரால் ஹூக்கைத் திருகிவிடுங்கள். திருக்கை என்றால் நூலை வெட்டுங்கள். சீலாவின் பல் ரப்பரை அறுக்கும், அதற்கு லிப் கிரிப் (மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் கருவி) போதும். காற்றடைத்த கயாக் வைத்திருப்பவர்கள் நெட்டுக்குப் பதில் காஃப் (மீனைக் குத்தித் தூக்கும் கூர்க்கொக்கி) என்று யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, குழாய்க்குள் ஏறிய தண்ணீரை வடித்து, நிழலில் காய வையுங்கள். அலுமினியத்தில் எஃகு ரிவெட் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. அங்கே கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்த முறை எடுத்துப் போங்கள். வாங்கும்போதே வலை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வைப்பது நல்லது, சட்டத்துக்கு முன் வலைதான் தேயும்.