வந்தது வேறு, வளர்ந்தது வேறு

"அக்கா, நான் வூட்ட வுட்டுப் போன கவலைலதான் அம்மாவுக்கு இது வந்துச்சா?"

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டர் கம்பிக்கு வெளியே நின்று அந்தப் பெண் கேட்டபோது நான் வாந்தி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். சினைப்பையில் கட்டி, மூன்றாவது கீமோ முடிந்திருந்தது.

"இல்லம்மா, கவலையால வர்றது இல்ல இது."

அவள் நகரவில்லை. ரேஷன் கார்டு உறைக்குள் சீட்டை மடித்து வைத்தாள், மறுபடி வெளியே எடுத்தாள். "வளர்றதுக்கு?"

"அதுக்கும் இல்ல. அடுத்த ஆளு வாங்க."

முதல் பதிலில் எனக்கு உறுத்தல் இல்லை. கவலை புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இரண்டாவதுதான் போக மாட்டேன் என்கிறது. எம்.ஃபார்மில் என் ப்ராஜெக்ட்டே பீட்டா ரிசெப்டார்தான். ரிசெப்டார் என்றால் செல்லின் மேல் இருந்து சுரப்புகளின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. மனசு பதறும்போது சுரக்கும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் இதயத்தை மட்டும் தட்டுவதில்லை. சினைப்பைப் புற்றுச் செல்கள் பலவற்றின் மேலும் அதே பீட்டா-2 ரிசெப்டார் இருக்கிறது. 2006-ல் வந்த ஆய்வில், புற்றுச் செல் செலுத்திய எலிகளைத் தினமும் சில மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள். அவற்றில் கட்டி கூடுதலாக வளர்ந்தது, புது ரத்தக் குழாய்களும் கிளைத்தன. அந்த ரிசெப்டாரை அடைக்கிற, படபடப்புக்குக் கொடுக்கிற ப்ரொப்ரனலால் கொடுத்தபோது அந்த வளர்ச்சி தடைபட்டது. இதைப் படித்துத்தான் மதிப்பெண் வாங்கினேன்.

எலி வேறு, மனிதர் வேறு. அடைபட்ட எலியின் தவிப்பும் மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட தாயின் கவலையும் ஒன்றா? மனிதர்களில் இன்னும் முடிவாகவில்லை. அப்படியிருக்க, இருபது வயதுப் பெண்ணின் தலையில் அதை ஏற்றியிருக்க வேண்டுமா? ஏற்றாமல் விட்டது சரிதான்.

ஆனால் "இன்னும் தெரியாதும்மா" என்று சொல்லியிருக்கலாமே. வரிசை நீளம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அன்று அவளுக்குப் பின்னால் நின்றது இரண்டே பேர். அவள் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்துதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அப்போது என் கையிலிருந்த வாந்தி மாத்திரை ஆன்டன்செட்ரானும் ஒரு ரிசெப்டாரை அடைக்கிற மருந்துதான், செரட்டோனின் என்ற நரம்புச் சேதிப்பொருளுடையது. மூளைக்கட்டிச் செல்கள் நரம்புச் செல்களோடு இணைப்புப் போட்டு, அவை சேதி சொல்லச் சுரக்கும் குளூட்டமேட்டை வாங்கி வளர்கின்றன என்று 2019-ல் காட்டினார்கள். அதைப் படித்தபோதும் நினைவுக்கு வந்தது ரேஷன் கார்டு உறைதான்.

21 நாள் கழித்து வந்தாள். "அம்மா சாப்பிடறாங்களா?" என்றேன்.

"நான்தான் கூடவே கீறேன் அக்கா. கஞ்சி குடிக்கிது."

கூடவே இருக்கிறாள். என் பொய்யால் அது நடந்தது என்றால் நிம்மதிதான். உண்மை தெரிந்திருந்தாலும் இருந்திருப்பாளோ என்னவோ.

மாத்திரையோடு போனவளை, ஓர் அட்டை விட்டுப்போனதால் திரும்பக் கூப்பிட்டேன். ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அட்டையை நீட்டினேன்.