ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது அந்த ஒரு எண்ணை மட்டும் இல்லை

தம்பிக்குக் கிட்டப்பார்வைக்கான லேசிக் லேசர் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பகலில் 6/6 வரியைத் தடுமாறாமல் படிக்கிறான், ஆனால் ராத்திரி தேவகோட்டையிலிருந்து காரைக்குடி வரும்போது எதிர் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதாம். "ஆச்சி, ஆபரேஷன் சரியாத்தானே நடந்துச்சு?" என்று தினமும் கேட்கிறான். பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

முன்னும் பின்னும் எடுத்த, கண்ணின் ஒளிப்பிழைகளை அளக்கும் வேவ்ஃப்ரன்ட் ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டையும் எடுத்து வைத்துப் படித்தேன். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குட்டிக் குட்டி லென்ஸ்கள் வழியாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மைக்ரானில் கணக்கிடுவார்கள். அதில் சாதாரணக் கண்ணாடியால் திருத்த முடியாத நுண்பிழைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும் எண்ணைத்தான் ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தார்கள். முன்பு 0.28, இப்போது 0.52. பதறிவிட்டேன். அப்புறம்தான் மூலையில் இருந்த கண்பாவை அளவைக் கவனித்தேன்: முதல் ரிப்போர்ட் 5 மி.மீ., அடுத்தது 6 மி.மீ. கண்பாவை விரிய விரிய பிழையும் ஏறும், அதனால் இந்த இரண்டையும் அப்படியே ஒப்பிடவே கூடாது.

சரி, ஒரே அளவில் எடுத்திருந்தாலும் அந்த எண் போதாது. எங்கள் ஆயா வீட்டு முகப்பு ஜன்னலில் பழைய கண்ணாடிகள் உண்டு, ஒன்றில் ஓரம் நெளிந்திருக்கும், தெரு நன்றாகவே தெரியும், இன்னொன்றில் நடுவில் நெளிவு, எதிர்வீட்டுத் தூணே கலங்கிப்போகும். கண்ணிலும் அப்படித்தான். 2002-இல் பார்வை ஆய்வாளர் ரேமண்ட் ஆப்பிள்கேட்டும் உடனிருந்தவர்களும் 6 மி.மீ. கண்பாவைக்கு ஒரே 0.25 மைக்ரான் பிழையை வெவ்வேறு வடிவங்களில் எழுத்து அட்டையில் ஏற்றிப் படிக்கவைத்தார்கள், வடிவத்துக்குத் தக்கபடி பார்வை மாறியது. சில பிழைகள் சேரும்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டவும் செய்யும். அதனால்தான் பிழைகளின் முழு வரைபடத்திலிருந்து விழித்திரையில் விழும் பிம்பத்தையே கணக்கிட்டுப் பார்வைக் கூர்மையை ஊகிக்கும் முறை எனக்கு நம்பிக்கையாகப் படுகிறது.

தம்பியின் ராத்திரி வட்டத்துக்கு வருகிறேன். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்யும்போது கருவிழியின் நடுப்பகுதி தட்டையாகிறது, ஓரத்தில் புகும் ஒளியும் நடுவில் புகும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத ஸ்ஃபெரிகல் அபரேஷன் என்ற பிழை கூடுகிறது. அது கண்பாவை அகலத்தின் நான்காம் அடுக்கில் வளர்வது, 3 மி.மீ. இருட்டில் 6 ஆனால் 16 மடங்கு. பகலில் அட்டை படிக்கும்போது அது தலைகாட்டாததில் ஆச்சரியமில்லை. முதல் மாதங்களில் கண் உலர்ந்துபோவதும் சேர்ந்துகொள்ளும், கண் சிமிட்டினால் கொஞ்சம் தெளிகிறது என்கிறான்.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போகிறேன், இரண்டு ஸ்கேனையும் ஒரே 5 மி.மீ. அளவுக்குக் கணக்கிட்டுத் தரச்சொல்லிக் கேட்கப்போகிறேன், ஸ்ஃபெரிகல் எவ்வளவு, கோமா (ஒளிப்புள்ளி வால்நட்சத்திரம் போல இழுபடும் பிழை) எவ்வளவு என்று தனித்தனியாக.