முதல் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலாக எதைக் கொடுப்பது?

ஆடி பிறந்து ஈரோடு புத்தகத் திருவிழாவைப் பற்றிய பேச்சு தொடங்கியதும், "இந்த மந்திர உலகக் கதைகளையும் படிச்சுப் பார்க்கோணுமுங்க, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று யாரேனும் என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்களே. சரித்திர நாவல்களில் ஊறியவர்கள், அல்லது குடும்பக் கதைகளைத் தவிர வேறெதையும் கதையென ஒப்பாதவர்கள். திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து புகழ்பெற்ற இரண்டு பெருந்தொடர்களைத்தான் மற்றவர்கள் இவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெரும்படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை தொடங்கும் முன்பே, ஹாபிட் என்னும் குறள் இனத்தாரின் குலவரலாறு முதல் அவர்கள் புகைக்கும் இலை வரை விவரிக்கும் நீண்ட முகவுரை ஒன்று நிற்கிறது. அந்த உலகத்தின்மேல் இன்னும் ஆசை பிறக்காத ஒருவர் அதைத் தாண்டுவது கடினம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்') தொடரோ 1996இல் தொடங்கி, 2011இல் வந்த ஐந்தாம் நூலோடு நிற்கிறது. ஆறாம் நூலுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் இன்னொருவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை உதவியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாவல் தன் வாசகரை எத்தனை நடவாத செய்திகளை ஒப்புக்கொள்ளச் சொல்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். ஒன்றையோ இரண்டையோ ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, மற்றவற்றையெல்லாம் நாம் அறிந்த பசி, பொறாமை, மழை, மரணம் ஆகியவற்றைக் கொண்டே நடத்திச் செல்லும் நூல்தான் புதியவருக்கு ஏற்றது. அது ஒரே நூலில் முடிந்தும்விட வேண்டும்.

"நடக்காததைப் படிச்சு என்னங்க ஆகப்போகுது?" என்று கேட்பவர்களும் உண்டு. கொங்கு நாட்டில் பிறந்தவர் இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரைப் பற்றிய நம் நாட்டுப்புறக் காவியமான அண்ணன்மார் கதையில், அவர்களின் தாய் தாமரை தவமிருந்து வரம் பெற்றுப் பிள்ளைகளை ஈனுகிறாள். கொம்பன் என்னும் காட்டுப்பன்றியை வேட்டையாடாமல் கதை நகராது. வரப்போகும் கேட்டை அவர்களின் தங்கை தங்காள் கனவிலேயே காண்கிறாள். படுகளத்தில் மாண்ட அண்ணன்மாரைச் சற்று நேரத்துக்கேனும் உயிர்ப்பிக்கிறாள். 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்த அந்த உடுக்கடிப் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு மிகுபுனைவு எப்படிப் புதிதாகும்? ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும். பாட்டைக் கேட்பவர் அண்ணன்மாரைத் தெய்வமாகக் கும்பிட்டுக்கொண்டே கேட்கிறார். நாவலைப் படிப்பவர் அது பொய்யென்று தெரிந்தே, படித்து முடிக்கும்வரை அதற்குக் கட்டுப்படுகிறார். இந்தக் கட்டுப்பாடு பழகிவிட்டால் மற்றவை தாமாகவே வசப்படும்.

ஆகவே நான் முதலில் கொடுப்பது திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). மிகுபுனைவு அலமாரியில் கடைக்காரர் இதை வைத்திருக்கமாட்டார். அதனாலேயே இது பொருத்தமானது. அசுரர்கள் வாழும் ஒரு நாட்டில், பேருருவம் கொண்ட ஒருவன் ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்றை வயதான குடியானவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான் என்பதை மட்டும் நாம் ஒப்புக்கொண்டால் போதும். அதன் பிறகு வரும் மேய்ச்சல், தீவன முடை, காது குத்திப் பதிவு செய்ய அதிகாரிகள் முன் நிற்கும் வரிசை எல்லாம் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஆடு மேய்த்த எவருக்கும் அத்துபடியானவை. ஆட்டின் மனத்துக்குள் புகுந்து கதை சொல்லப்படுகிறது என்பதே பத்துப் பக்கங்களில் மறந்துபோகும்.

அடுத்ததும் ஆட்டுக்காரன் கதைதான். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' இருநூறு பக்க அளவிலான சிறிய நாவல். தீவுகளாலான ஓர் உலகில், கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன், இறந்துபோன தன் தாயின் உடன்பிறந்தவள் ஓர் ஆட்டைப் பார்த்துக் கூவிய மந்திரத்தைக் கேட்டுத் தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் அவனை நெருக்கிச் சூழ்ந்துகொண்டு விலக மறுக்கின்றன. பின்னர் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், தன்னை ஏளனம் செய்தவனுக்குத் தன் வல்லமையைக் காட்டும் வீம்பில், பெயரற்ற ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். அதைத் தடுக்க முயன்ற தலைமை மந்திரவாதி உயிர் துறக்கிறார். எஞ்சிய கதை முழுவதும் அந்த நிழலுக்கும் அவனுக்கும் இடையிலான ஓட்டம். முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு படையெடுப்பைத் தவிரப் போர்க்களமோ படைகளோ இதில் இல்லை.

நான் இந்நாவலை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், மந்திரத்துக்கு இது விலை வைப்பதுதான். ரோக்கில் பெய்யும் மழை ஆஸ்கில் தீவில் வறட்சியாகக்கூடும் என்று அப்பள்ளியின் ஆசான் ஒருவர் எச்சரிக்கிறார். மானாவாரிக் காட்டில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றவருக்கு இந்த நீதி விளக்கமின்றியே விளங்கும். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல பதிப்புகளின் அட்டைகள் அதை மறைத்துவிட்டன. பழைய கதைசொல்லியின் நடையிலமைந்த இதன் ஆங்கிலம் முதல் அத்தியாயத்தில் சற்றுத் தயங்க வைத்தாலும், உரக்கப் படித்தால் விரைவில் பழகிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) நல்லது; இருட்டுக் குகையில் நாயகனான ஹாபிட் பில்போவும், அங்கே வாழும் கோலம் (Gollum) என்னும் உயிரும் ஒருவருக்கொருவர் விடுகதை போடும் ஐந்தாம் அத்தியாயத்தைப் பெரியவர்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். ஹாரி பாட்டர் தமிழிலும் கிடைக்கிறது, நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

தமிழிலேயே பெரிதாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இருக்கிறது. கோவையில் ஆண்டுதோறும் டிசம்பரில் அந்நாவலின் பெயரிலேயே இலக்கிய விழா நடப்பதால், இப்பகுதியில் பலரும் அதிலிருந்தே தொடங்க முனைகிறார்கள். ஒரு கோயில் நகரத்தின் தொன்மமும் தத்துவ விவாதமும் அழிவும் மூன்று பகுதிகளில் பின்னிக் கிடக்கும் அதனை முதல் நூலாகக் கொடுக்க நான் துணியமாட்டேன். மேற்சொன்னவற்றில் இரண்டையேனும் முடித்தவருக்குத் தயங்காமல் கொடுப்பேன்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படிக்கவும் அப்போது நேரம் வந்திருக்கும். முகவுரையை அப்படியே தள்ளிவைத்துவிட்டு, பில்போவின் நூற்றுப் பதினோராம் பிறந்தநாள் விருந்தில் தொடங்கலாம். முதல் தொகுதி முடிந்த பின் திரும்பிவந்து முகவுரையைப் படித்தால், அந்தப் புகையிலை ஆராய்ச்சிகூடச் சுவையாகவே இருக்கும்.