ஹேண்டில்ல 12.9, பேட்டரில 14.2

போன மாசம் வேதாரண்யம் பக்கத்துலேருந்து உப்பு யாவாரம் பாக்குற மாமா ஒருத்தர் நம்ம திருத்துறைப்பூண்டி பட்டறைக்கு வந்தாரு, 150 சிசி வண்டி, ஹேண்டில்ல போன் சார்ஜர் ஒண்ணு மாட்டி வச்சிருந்தாரு, அதுலயே வோல்ட் காட்டுற சின்ன டிஸ்ப்ளேவும் இருக்கு. "தம்பி சார்ஜே ஏறல, எவ்ளோ முறுக்குனாலும் 12.9 தாண்ட மாட்டேங்குது, ஒருத்தன் பேட்டரிய மாத்துனான், இன்னொருத்தன் காயில் போயிருச்சுங்குறான்"னு ஒரே புலம்பல். (காயில்னா இன்ஜின் சுத்துறப்ப கரண்ட் உண்டாக்குற சுருள்.) செல்ஃப் எடுக்குதான்னு கேட்டேன், அதெல்லாம் ஒரே அமுக்குல எடுக்குதேன்னாரு. அப்பவே எனக்கு சந்தேகம், சார்ஜ் ஏறாத வண்டி தினம் ஒரே அமுக்குல எடுக்காதே.

சீட்டை தூக்கிட்டு வோல்ட் அளக்குற மல்டிமீட்டரோட வயர் முள்ள நேரா பேட்டரி டெர்மினல்லயே வச்சேன். நின்ன வண்டில 12.6, செல்ஃப் அடிக்கிறப்ப 10.8க்கு இறங்கி உடனே ஏறிடுச்சு, ஐடில்ல 13.6, 4000 ஆர்பிஎம் கிட்ட 14.2ல வந்து நின்னுச்சு, அதுக்கு மேல முறுக்கினாலும் ஏறல. இதுக்கு மேல ஒரு வண்டிகிட்ட என்னத்த கேக்குறது? 13.8லேருந்து 14.5க்குள்ள இருந்தா, வோல்ட் ஏறாம கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் ஒழுங்கா வேலை பாக்குதுன்னு அர்த்தம், 15 தாண்டுனாதான் பயப்படணும். காயிலோட கப்ளரை (வயர் சேர்ற பிளக்கை) கழட்டி மூணு மஞ்ச வயர்ல ஏசி கரண்ட் பாக்க வேண்டிய வேலையே இல்லாம போச்சு.

அப்ப ஹேண்டில்ல ஏன் 12.9? இண்டிகேட்டரை போட சொன்னேன், டிஸ்ப்ளே இண்டிகேட்டரோட சேந்து ஆடுது, 12.9, 12.5, மறுபடி 12.9, ஆனா பேட்டரில வச்ச மீட்டர் கல்லு மாதிரி அப்படியே நிக்குது. (பழைய புல்லட்ல டூம் மேல, அதாவது ஹெட்லைட் மூடி மேல, ஆம்பியர் மீட்டர் ஒண்ணு இருக்கும், அதுலயும் இண்டிகேட்டர் போட்டா முள்ளு ஆடும், ஆனா அது வேற கதை, அது வோல்ட் காட்டாது, கரண்ட் பேட்டரிக்கு போகுதா பேட்டரிலேருந்து வருதான்னு மட்டும்தான் காட்டும்.) வண்டி ஓடிட்டே இருக்கறப்ப ஒரு முள்ள பேட்டரி பிளஸ்லயும் இன்னொண்ண சார்ஜருக்கு போற பிளஸ் வயர்லயும் வச்சா 1.1 காட்டுது, எர்த் (மைனஸ்) பக்கமும் இதே மாதிரி பாத்தா 0.2. ரெண்டையும் கூட்டுனா 1.3, பேட்டரிக்கும் டிஸ்ப்ளேவுக்கும் இருக்குற வித்தியாசம் அப்படியே கணக்குல உக்காந்துருச்சு. டூமை கழட்டுனா சாவி ஸ்விட்ச் கப்ளர் உள்ள பாசி புடிச்ச கொளம் மாதிரி பச்சை, உப்புக்காத்துல தினம் போயிட்டு வர்ற வண்டி, செம்பு என்ன பண்ணும் பாவம். சார்ஜர் வயரையும் அதுக்கு அடுத்தாப்ல இருக்குற வயர்லயே முறுக்கி டேப் சுத்தியிருக்காங்க, இண்டிகேட்டர் கரண்டும் அந்த பச்சை வழியாதான் போகுது, அதான் டிஸ்ப்ளே மட்டும் ஆடுது.

பழைய வண்டியா இருந்தா இவ்ளோ கொழப்பம் வந்திருக்காது. அதுல பலதுல ஹெட்லைட் நேரா காயில்லேருந்து ஏசி கரண்ட்ல எரியும், முறுக்குனா வெளிச்சம் ஏறும், ராத்திரி சுவத்துல அடிச்சு பாத்தே சொல்லிடலாம். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது, இன்ஜின் ஓடுனா அதுவும் எரியும், பெரும்பாலும் டிசிதான், கண்ணால பாத்து ஒண்ணும் தெரியாது, மீட்டர்தான் கதி.

அந்த மீட்டரே பொய் சொன்னா? சொல்லிருக்கு, எனக்கே. சில வருஷத்துக்கு முன்னாடி சம்பா அறுப்பு நேரம், ஒரு அண்ணன் வண்டில 15.6 காட்டுச்சு, ரெகுலேட்டர் போச்சுண்ணே பேட்டரிய கொதிக்க வச்சிரும்னு சொல்லி புதுசு வாங்கிட்டு வர வச்சு மாட்டுனேன், மாட்டுன பிறகும் 15.6. கிறுக்கு புடிச்சு ரேக்ல இருந்த புது பேட்டரி ஒண்ண பாத்தா அது 13.7ங்குது! எதுலயும் கனெக்ட் பண்ணாத பேட்டரி எப்படி 13.7 காட்டும்? அப்பறம்தான் பாக்குறேன், மீட்டர் டிஸ்ப்ளே ஓரத்துல குட்டியா பேட்டரி படம். மீட்டருக்குள்ள இருக்குற 9 வோல்ட் பேட்டரி வீக்காயிட்டா இந்த மாதிரி மலிவு மீட்டர் எல்லாத்தையும் கூட்டி காட்டும். புதுசு போட்டு பாத்தேன், 14.3. பழைய ரெகுலேட்டர் தங்கமா இருக்கு. கடையில எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதுன்னுட்டாங்க, காசை நான்தான் அண்ணனுக்கு குடுத்தேன், அந்த ரெகுலேட்டர் இன்னமும் என் ரேக்லதான் கெடக்கு. இப்பல்லாம் காலைல பட்டறை தொறந்ததும் புது பென்சில் செல் ஒண்ணுல முள்ள வச்சு 1.6 கிட்ட வருதான்னு பாத்துட்டுதான் வண்டியவே தொடுறது. பையனுங்க சிரிப்பானுங்க, சிரிக்கட்டும்.

மாமா வண்டிக்கு கப்ளரை சுத்தம் பண்ணி, ரெண்டு பின்னை மாத்தி, கிரீஸ் வச்சு மூடுனேன். டிஸ்ப்ளே 13.8க்கு வந்துச்சு, பேட்டரில அதே 14.2. மிச்சம் 0.4 அந்த நீள வயர்லயும் சாவி ஸ்விட்ச்லயும் போறது, அதை தொரத்தி புடிக்கணும்னா ரிலேங்குற கரண்ட் ஸ்விட்ச் போட்டு பேட்டரிலேருந்து தனியா வயர் இழுக்கணும், போன் சார்ஜருக்கு அவ்ளோ தேவையில்லன்னு சொன்னேன். அவருக்கு மனசு ஆறல, "அப்ப இது காட்டுறது தப்புதானே"ன்னு திரும்ப திரும்ப கேட்டாரு. பேப்பர் டேப்பை கிழிச்சு '0.4 கூட்டிக்கவும்'னு எழுதி டிஸ்ப்ளேக்கு கீழ ஒட்டி விட்டேன். கண்ணாடிய போட்டு படிச்சவரு, "பெட்ரோல் முள்ளுக்கும் ஒண்ணு எழுதி ஒட்டு தம்பி, சைடு ஸ்டாண்டு போட்டா பாதி டேங்கு காட்டுது"ன்னாரு.