இன்னும் 66 நாள்

2024 ஜூலை 2, செவ்வாய்

கல்யாணத்துக்கு இன்னும் 66 நாள்.

ஒரு ஊருக்குள் எந்தக் கடைக்குப் போனாலும் அன்றைய 22 காரட் கிராம் விலை ஏறத்தாழ ஒன்றுதான். கடைக்குக் கடை மாறுவது சேதாரம். ஆனால் வீட்டில் எல்லோரும் கிராம் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

40 கிராம், அதாவது 5 சவரன். கிராம் 6,500 என்று வைத்துக்கொண்டால் தங்கம் மட்டும் 2,60,000. சேதாரம் 18 சதவீதம் என்றால் 46,800. அதே நகைக்கு 12 என்றால் 31,200. இடையில் 15,600. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 16,068. சேதாரத்தில் 6 புள்ளி குறைவது, விலை சவரனுக்கு ஏறத்தாழ 2,640 இறங்குவதற்குச் சமம். இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்தாயிற்று.

மெஷின் சங்கிலிக்குச் சேதாரம் குறைவு. கைவேலை கூடக்கூட ஏறும். எந்த டிசைன் என்று முடிவு செய்யாமல் சேதாரம் கேட்பதில் பயனில்லை.

ஜூலை 4, வியாழன்

ஃபிரிட்ஜ் விடாமல் ஓடுகிறது. நடுவில் நிற்பதே இல்லை.

பத்து ரூபாய்த் தாள் சோதனை: கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் தாளை வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுக்க வேண்டும். பிடித்து இழுத்தால்தான் வர வேண்டும். மேலே நன்றாகப் பிடிக்கிறது. கீல் பக்கம் பிடிக்கிறது. கீழ் வலது மூலையில், கைப்பிடிப் பக்கம், ஒரு சாண் நீளத்துக்குத் தாள் தானாகவே நழுவி விழுகிறது. அந்த இடத்தில் ரப்பரின் மடிப்புக்குள் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் அழுத்தினால் எழும்பி வராமல் அமுங்கியே கிடக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, பழைய டூத் பிரஷ். மடிப்பை விரித்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பிறகு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டி, ரப்பரை வெளிப்பக்கமாக இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி ராத்திரி முழுக்க விட வேண்டும். அதற்கும் எழும்பாவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டியதுதான்.

ஜூலை 6, சனி

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த சந்தை இதுதான். இன்றும் விலைப்பலகைதான் இதன் உயிர். காலையில் உள்ளே போனதும் முதலில் பலகையைப் போட்டோ எடுத்துவிட வேண்டும். அன்று முழுக்க வெளியே எங்கே காய் வாங்கினாலும் அதுதான் அளவுகோல்.

சீக்கிரம் போனால் தரம், தாமதமாகப் போனால் விலை. கீரை, கொத்தமல்லி, வெண்டை இவற்றுக்குத் தரம்தான் முக்கியம், விடிந்ததும் போக வேண்டும். பூசணி, சேனை, கருணை ஒன்றும் ஆகாது, கடைசியில் வாங்கலாம். சின்ன வெங்காயம் 5 கிலோவாக வாங்கினால் மலிவு என்பது உண்மை. ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் கால் கிலோ அழுகிவிடும் என்பதும் உண்மை. கையில் எடுத்து உரசினால் தோல் சலசலக்க வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

இன்று தங்கம் விலை பார்க்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

ரப்பர் எழும்பவில்லை.

புது ஃபிரிட்ஜ் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஆடி வருகிறதே என்று. ஆடிக்காகப் பழையது நின்றுபோகாது.

இரண்டு மாடலின் மின்சிக்கன நட்சத்திர லேபிளை எழுதி வைத்தது: ஒன்றில் ஆண்டுக்கு 190 யூனிட், இன்னொன்றில் 245. விலை வித்தியாசம் 4,500. மிச்சமாவது 55 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 330. போட்ட காசு திரும்ப 13 ஆண்டுக்கு மேல் ஆகும். ஏசிக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும், அது குடிக்கும் மின்சாரம் அதிகம். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரத்தை எண்ணாமல், லேபிளில் இருக்கும் யூனிட் எண்ணைப் பார்ப்பதே சரி.

லேபிளில் எந்த ஆண்டு என்று போட்டிருப்பதையும் படிக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஃபிரிட்ஜுக்கு அளவுகோலையே இறுக்கினார்கள். அதற்கு முந்தைய லேபிளோடு கிடங்கில் கிடக்கும் 5 நட்சத்திரம், இன்றைய 5 நட்சத்திரம் அல்ல.

ரப்பர் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். கதவை அளந்து கேட்டால் தப்பாக வரும். உள்ளே காய்த்தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் முழுதாக, கடைசி எழுத்துவரை, வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

மின்கட்டணம் 4.83 சதவீதம் கூடியிருக்கிறது, ஜூலை 1இலிருந்தே கணக்கு. ஃபிரிட்ஜ் கணக்கை மறுபடி போட்டேன். 330 என்பது 346. அப்படியும் 13 ஆண்டு.

பெரிய அடி வேறு இடத்தில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். ரீடிங் எடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து, கடந்த ரீடிங்கைக் கழித்துப் பார்ப்பது நல்லது. 470இல் இருந்தால் இஸ்திரியும் கீசரும் பத்து நாள் பொறுக்கலாம்.

ஜூலை 17, ஆடி 1

51 நாள்.

முகூர்த்தப் புடவை ஆடியில் வேண்டாம். தள்ளுபடிப் பலகைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் தள்ளுபடிக்கென்றே வந்த சரக்கு. தினசரிக்கு உடுத்தும் பருத்தி, போர்வை, வேட்டி, துண்டு, தலையணை உறை, இவற்றை ஆடியில் ஆண்டுக்கு மொத்தமாக எடுக்கலாம். போன மாதம் அதே கடையில் அதே துண்டுக்கு ஒட்டியிருந்த விலையைக் குறித்து வைத்திருந்தால்தான் இன்றைய 30 சதவீதம் உண்மையா என்று தெரியும். குறித்து வைத்திருந்தேன். வேட்டி உண்மை, போர்வை இல்லை.

பட்டுக்குச் சில்க் மார்க் அட்டை பார்க்க வேண்டும். அது பட்டு அசல் என்று மட்டும் சொல்லும். ஜரிகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விலையில் பெரும்பங்கு ஜரிகைதான். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றித் தங்கம் பூசியது. முந்தானை ஓரத்தில் ஒரு இழையைப் பிரித்துச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். செம்புக் கம்பி நிறமோ வெள்ளை பாலியஸ்டரோ தெரிந்தால் அந்த விலை கொடுக்கக் கூடாது. அசல் ஜரிகை என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொன்னால் சில கடைகளில் விற்பவர் முகம் மாறும். அப்போதே தெரிந்துவிடும்.

ஜூலை 19, வெள்ளி

துவரம் பருப்பு அரைக் கிலோ 92, ஒரு கிலோ 189. பெரிய பொட்டலம் மலிவு என்று கை தானாக எடுக்கிறது. இரண்டு அரைக் கிலோ 184தான்.

பொட்டலத்தில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அலகு விலை இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்ததில் கிராமுக்கு, கூடியதில் கிலோவுக்கு. இரண்டையும் ஒப்பிட 1000ஆல் பெருக்க வேண்டும். எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் ஏறத்தாழ 910 கிராம். பாக்கெட் ஒரே உயரத்தில் இருக்கும், எடை மட்டும் இறங்கியிருக்கும். உள்ளளவைப் படிக்காமல் எண்ணெய் எடுக்கவே கூடாது. ரேஷனில் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வரும் நாளைக் கேட்டு வைத்துப் போய் வாங்கிவிட வேண்டும்.

சோப்பில் டி.எஃப்.எம். எண், அதாவது மொத்தக் கொழுப்பின் சதவீதம். 76ம் அதற்கு மேலும் முதல் தரம். அதற்குக் கீழே போகப்போகக் கொழுப்பு குறைவு, சீக்கிரம் கரையும். வாங்கியதும் உறையைப் பிரித்து ஒரு வாரம் காற்றாட வைத்தால் கூடுதல் நாள் வரும்.

ஜூலை 23, செவ்வாய்

தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15இலிருந்து 6 சதவீதம். பட்ஜெட் பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் சவரன் 52,400 என்று பலகை மாறிவிட்டது. ஒரே நாளில் 2,000க்கு மேல். அப்போதிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றே: இன்றே ஓடு.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5 சவரனுக்கு 10,000க்கு மேல் மிச்சம். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாற்றப்போகும் பழைய தங்கம் 24 கிராம், 3 சவரன். இறங்கிய விலை அதற்கும் பொருந்தும். புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது 16 கிராம்தான். ஆக தங்க விலையில் உண்மையான மிச்சம் 2 சவரனுக்கு, நாலாயிரத்துச் சொச்சம்.

சேதாரத்தில் கிடைக்கக்கூடியது 16,068. தாள் இன்னும் பணப்பையில் இருக்கிறது.

இன்று இருக்கும் கூட்டத்தில் சேதாரம் பற்றிப் பேச யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள்.

ஜூலை 24, புதன்

கடைக்குள் நிற்க இடமில்லை. 18க்குக் கீழே பேச்சே இல்லை என்றார்கள். திரும்பியாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

பழைய நகை மாற்றுவது பற்றி மட்டும்.

வீட்டிலேயே எடை போட்டு, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். கல், அரக்கு, முத்து எல்லாவற்றையும் கண்முன் கழற்றிய பிறகு நிகர எடை. காரட் மீட்டர் மேற்பரப்பைத்தான் படிக்கும். ஒரே இடத்தில் வைத்துவிட்டு எண் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். பற்றவைத்த இடத்தில் பெரும்பாலும் தரம் குறைவாகக் காட்டும், நடுவளையத்தில் கூடுதலாகக் காட்டும். உருக்கிப் பார்த்தால்தான் சரியான எண். உருக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், உருக்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் கட்டியாகத்தான் திரும்ப வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

24 கிராமில் தரம் 88 சதவீதம் என்று வந்தால் சுத்தத் தங்கம் 21.12. அதை 22 காரட்டின் 91.6 தரத்துக்கு மாற்றினால் 23.06 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிராம் போய்விடும், அது நியாயமான இழப்பு. இதற்கு மேல் கழிவு என்று 2 சதவீதம் பிடித்தால், அது பேச வேண்டிய இடம்.

ஜிஎஸ்டி புது நகையின் முழு மதிப்புக்கு வரும், பழையதைக் கழித்த மீதிக்கு அல்ல. இதைக் கணக்கில் விட்டுவிட்டால் கடைசியில் ஏறத்தாழ 4,500 துண்டு விழும்.

அம்மா வளையலை மாற்றுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஜூலை 29, திங்கள்

சர்க்கரை மாத்திரை, மெட்ஃபார்மின் 500. மக்கள் மருந்தகத்தில் கேட்கும்போது பிராண்ட் பெயரைச் சொல்லக் கூடாது, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சொல்ல வேண்டும். சீட்டில் எஸ்.ஆர். என்று இருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். எஸ்.ஆர். மெல்லக் கரையும் வகை, சாதாரணத்துக்குப் பதிலாக அதை மாற்றிப் போடக் கூடாது. மாற்றும் முன் டாக்டரிடம் அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

34 நாள். தங்கம் வாங்க நல்ல நாள் என்கிறார்கள். பேரத்துக்கு நல்ல நாள் இல்லை. பாத்திரக் கடைக்குப் போனோம்.

எவர்சில்வர் கிலோ கணக்கு. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று நம்பக் கூடாது. 304 என்ற நல்ல தர ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது, நிக்கல் குறைந்த 202ம் ஒட்டாது. 202இல் உப்பும் புளியும் பட்டு நாளானால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். தரத்தைப் பில்லில் எழுதச் சொல்வது ஒன்றே வழி. கேஜ் எண் குறைந்தால் தகடு கனம். சீர் வரிசைக்குப் பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று மெல்லிய தகட்டில் பெரிய அண்டா வாங்கினால் முதல் அடுப்பிலேயே அடி பிடிக்கும். இண்டக்‌ஷனில் வைக்கப் போகும் பாத்திரத்தின் அடியில் மட்டும் காந்தம் ஒட்டியாக வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

வட்டியில்லாத் தவணை என்பது வட்டியில்லாதது அல்ல.

கட்டில், மெத்தை, பீரோ 36,000. மாதம் 6,000 வீதம் 6 மாதம். வங்கி 16 சதவீத வட்டி போடுகிறது. அந்த வட்டித் தொகை ஏறத்தாழ 1,622 கடையின் தள்ளுபடியாகக் கழிகிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில், 292. செயலாக்கக் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி, 235. மொத்தம் 527. இதைவிடப் பெரிது, ரொக்கமாகக் கொடுத்தால் அந்த 1,622ஐயே தள்ளுபடியாகக் கேட்டிருக்கலாம் என்பது. கேட்டேன். 1,500 குறைத்தார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

ரப்பர் வந்துவிட்டது. சுருட்டி அனுப்பியதால் மூலைகள் மடங்கியிருந்தன. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்ததும் நேரானது. பழையதைப் பள்ளத்திலிருந்து உருவி, பள்ளத்தைத் துடைத்து, முதலில் நாலு மூலை, பிறகு நடு. தாள் இப்போது எந்த இடத்திலும் நழுவவில்லை.

ராத்திரி 11 மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றது. எத்தனை நாள் கழித்து அந்த அமைதி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நகைக்கடை முன்பதிவு விதிகளைப் படித்தது. பதிவு செய்த நாள் விலை, வாங்கும் நாள் விலை, இரண்டில் குறைந்தது நமக்கு. நல்லதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிராம் விலைக்கு மட்டும், சேதாரத்துக்கு இல்லை. பதிவுச் சீட்டிலேயே டிசைனும் சேதார சதவீதமும் எழுதி வாங்காவிட்டால் விலையில் கொடுத்ததைக் கடை சேதாரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

11 மாத நகைச் சீட்டிலும் அப்படித்தான். சேதாரம் இல்லை என்பதற்கு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் உள்ளது நம் கணக்கு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

21 நாள். ஆடி முடிகிறது. கூட்டம் குறைந்திருக்கிறது, இரண்டு கடையில் 12 வரை வந்திருக்கிறார்கள். ஒன்றில் எழுதியே கொடுத்தார்கள்.

நாளைக்கு எடுத்துப் போக: லென்ஸ். ஹால்மார்க்கில் மூன்று இருக்க வேண்டும், பிஐஎஸ் முத்திரை, 22கே916, ஆறு எழுத்து எண் கலந்த எச்யுஐடி, அதாவது அந்த நகைக்கு மட்டுமான அடையாள எண். கொக்கிக்குப் பக்கத்தில் நூல் கனத்தில் அடித்திருப்பார்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறையும் போட்டால் நகையின் வகையும் தரமும் வர வேண்டும். சங்கிலி கையில் இருக்கும்போது வளையல் என்று வந்தால் வாங்கக் கூடாது. ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45, ஜிஎஸ்டி தனி. எத்தனை கிராமானாலும் அவ்வளவுதான். ரொக்கம் 2 லட்சத்துக்குக் குறைவாக, பான் அட்டை கையில். பில்லில் நிகர எடை, கல் எடை, சேதாரம் தனித்தனியாக.

காலை ஒன்பதரை வாக்கில் விலை வரும். அம்மா வளையலைப் பற்றி இன்னும்