தகிட... ம்: குதிரைமேல் வில் பழகிய 14 மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை 9 ஓட்டம் ஓடினேன். ஓட்டத்துக்கு மூன்று அம்பு வீதம் 27. இலக்கில் ஏறியது 11, புல்லுக்குள் தேடி எடுத்தது 14, இன்னும் கிடைக்காதது 2. இது பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் போன வருடம் இந்த நேரத்தில் குதிரைமேல் இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்காரவே தெரியாது என்பதால் எனக்கு இது தீபாவளி.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. சொந்த ஊர் கரூர் பக்கம். அங்கே குதிரை என்றால் ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைதான். அது யாரையும் கீழே தள்ளியதில்லை. ஆறு வருடத்துக்கு முன் இங்கே வந்த புதிதில், ஒரு கிராமத்துத் திருவிழாவில் நாலுகால் பாய்ச்சலில் போன குதிரைமேல் இருந்து ஒரு பெண் இடுப்பைத் திருப்பிப் பின்பக்கமாக அம்பு விட்டதைப் பார்த்தேன். அது மனதைவிட்டுப் போகவே இல்லை. 40 வயது ஆனதும், இனியும் தள்ளிப்போட்டால் முட்டி ஒத்துழைக்காது என்று 2023 ஜூலையில் சேர்ந்துவிட்டேன். "ஏங்க, எல்லாரையும் மாதிரி கிரிக்கெட் ஆடப் போகக்கூடாதா?" என்றாள் மனைவி. போயிருக்கலாம்.

தரையில் மூன்று மாதம்

சொல்லிக்கொடுப்பவருக்கு வயது 60 தாண்டிவிட்டது. இங்கே பெரியவர்களைப் பெயரோடு 'பாச்சி' சேர்த்துக் கூப்பிடுவார்கள், நம் ஊரில் மாமா, சித்தப்பா என்பதுபோல. நான் வெறும் பாச்சி என்கிறேன். அவரும் திருத்துவதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: மூன்று மாதத்துக்குக் குதிரைப் பக்கம் வரக்கூடாது, முதலில் கை தானாக வேலை செய்யப் பழக வேண்டும் என்று.

வேலை என்றால் அம்பு பூட்டுவது. நின்று எய்பவர் அம்பை நிதானமாக எடுத்து, பார்த்து, நாணில் மாட்டலாம். ஓடும் குதிரையில் அதற்கு நேரமில்லை. வில்லைப் பிடித்த இடது கையிலேயே மூன்று அம்பையும் விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கை ஒன்றை உருவி, பின்னுக்கு இழுத்து, அதன் வால்பக்கப் பிளவை நாணில் தடவித் தேடி மாட்ட வேண்டும். கண் மட்டும் இலக்கைவிட்டு நகரக்கூடாது. பிளவு நாணில் உட்காரும்போது சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும். அந்த டிக் வராமல் இழுத்து விட்டால் அம்பு காலடியில் விழும். வெறும் நாண் அதிர்வது வில்லுக்கும் கேடு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹாலில் நின்று டிக், டிக் என்று பழகினேன். முதல் வாரம் ஒரு அம்பு பூட்ட 6 விநாடி ஆனது. மூன்றாம் மாதம் 2 விநாடிக்கு வந்தேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

நடுவில் கொஞ்சம் ரத்தமும் பார்த்தேன். இந்த வில்லில் அம்பைத் தாங்கத் தனியாக எதுவும் கிடையாது. வில்லைப் பிடித்த கையின் மேலேயே அம்பு உட்கார்ந்து, அங்கிருந்தே பாயும். இறகின் முன்முனைத் தண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் போதும், ஒவ்வொரு அம்பும் ஆட்காட்டி விரலைக் கீறிவிட்டுத்தான் போகும். வாங்கிய அம்புகளை அப்படியே பயன்படுத்திய எனக்கு இரண்டாவது வாரமே விரலில் பிளாஸ்திரி. பாச்சி தையல் நூல்கண்டைத் தூக்கிப் போட்டார். இறகின் முன்முனையில் பத்துப் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு சொட்டுப் பசை. அவ்வளவுதான். புதிதாகச் சேர்கிறவர்கள் வில் வாங்கும் நாளிலேயே நூலும் வாங்கிவிடுங்கள்.

கல்லறையில் கிடைத்த வில்

ஹங்கேரியர்கள் தங்களை மாகியார் என்பார்கள். ஒருநாள் கேட்டேன், "பாச்சி, இது அந்தக் காலத்து மாகியார் வில்தானே?" என்று. சிரித்துவிட்டார். என் வில்லின் இழுவிசை 28 பவுண்டு. உள்ளே மரமும் கண்ணாடியிழையும், மேலே தோல். உருவம் மட்டும்தான் பழசு. அந்த உருவம் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

மாகியார்கள் 895 வாக்கில் கார்பாத்திய மலைகளைத் தாண்டி இந்தச் சமவெளிக்கு வந்தவர்கள். அடுத்த அறுபது வருடம் இவர்களின் வில்லுக்கு மேற்கு ஐரோப்பா நடுங்கியது. 955-ல் ஆக்ஸ்பர்க் அருகே லெக் ஆற்றங்கரையில் தோற்ற பிறகுதான் அந்தப் படையெடுப்புகள் ஓய்ந்தன. அப்புறம் கிறித்தவ அரசு வந்தது, கவசம் பூண்ட மேற்கத்தியக் குதிரைப்படை வந்தது. 13-ம் நூற்றாண்டில் கிழக்குப் புல்வெளிகளிலிருந்து வந்து குடியேறிய குமான் என்ற நாடோடி மக்கள் கொஞ்ச காலம் அரசனுக்காகக் குதிரைமேல் வில் பிடித்தார்கள். மெல்ல அதுவும் போய், கடைசியில் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் மிஞ்சவில்லை. நம் சிலம்பத்துக்கு இன்றைக்கும் ஆசான் இருக்கிறார், அவருக்கும் ஓர் ஆசான் இருந்தார். இங்கே அந்தச் சங்கிலி அறுந்தேவிட்டது.

மிஞ்சியது கல்லறைகள். 10-ம் நூற்றாண்டில் வீரனைப் புதைக்கும்போது குதிரையின் மண்டையோட்டையும் கால் எலும்புகளையும் கூடவே வைத்திருக்கிறார்கள். வில்லின் மரம், கொம்பு, நரம்பு எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கைப்பிடியிலும் இரண்டு முனைகளிலும் பதித்திருந்த எலும்புத் தகடுகள் மட்டும் கிடந்தன. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, வில் இவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று ஊகித்தார்கள். 1930-களில் செபெஸ்தியேன் காரோய் இதை ஆராய்ந்தார். பிறகு உயிரியல் பேராசிரியர் ஃபாபியான் ஜூலா கொம்பும் நரம்பும் வைத்துக் கட்டியே பார்த்தார். சேணத்தின் கதையும் இதேதான்: கொரோன்ட்ஸோ என்ற ஊர்க் கல்லறையில் கிடைத்த மிச்சங்களை வைத்து மரச்சேணத்தை மீட்டவர் லாஸ்லோ ஜூலா. இரண்டு ஜூலாவும் வேறு வேறு ஆட்கள். நம் இன்ஷியல்போல இங்கேயும் அப்பன் வீட்டுப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால்.

பொருளை மீட்டாகிவிட்டது, வித்தையை யாரிடம் கேட்பது? 1980-களில் கஷ்ஷாய் லயோஷ் என்பவர் கபோஷ்மேரோ பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் குதிரையும் வில்லுமாக இறங்கி, விழுந்து எழுந்து தானே ஒரு முறையை உருவாக்கினார். 90 மீட்டர் தடம், நடுவில் இலக்கு. நெருங்கும்போது முன்பக்கம், எதிரே வரும்போது பக்கவாட்டில், தாண்டியதும் பின்பக்கம் என எய்ய வேண்டும். வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு. திருவிழா மேடைகளில் இதை ஆயிரம் வருடத்துப் பாரம்பரியம் என்பார்கள். என் கணக்கில் வில்லுக்கு வயது ஆயிரம், வித்தைக்கு நாற்பது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். எலும்புத் தகட்டைக் காட்டி, இதை எப்படி எய்தார்கள் என்று கண்டுபிடி என்றால் நானெல்லாம் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்.

செல்லம்

அக்டோபரில் குதிரை கிடைத்தது. ஹுட்சுல் என்ற மலை இனத்துப் பெண்குதிரை. குள்ளம், பானை வயிறு. பெயர் ஸெல்லோ, இளங்காற்று என்று அர்த்தம். நான் செல்லம் என்கிறேன், அதற்கும் திரும்பிப் பார்க்கிறது. குளிர்காலம் முழுக்கச் சேணம் இல்லாமல் வெறும் முதுகில்தான் பயிற்சி. பாச்சி நீளக் கயிற்றைப் பிடித்து அதை வட்டமாக ஓடவிடுவார். நான் கடிவாளத்தைத் தொடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமைகளில் அலுவலகப் படிக்கட்டில் நண்டுபோல் பக்கவாட்டில் இறங்கினேன்.

வில்லைக் குதிரைக்கும் பழக்க வேண்டும். வில்லால் கழுத்து, விலா, பின்தொடை என்று தடவிக் காட்ட வேண்டும். காதருகே நாணை மெல்லச் சுண்ட வேண்டும். அம்புகளை வேண்டுமென்றே காலடியில் போட வேண்டும். மிரளாமல் நின்றால் ஒரு கேரட். பிப்ரவரியில் நான் புதிதாக ஓர் அம்பறாத்தூணி வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, இதில் எதையும் செய்யாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நாலு எட்டு வைத்ததும் உள்ளே அம்புகள் கடகடவென்று ஆடின. செல்லத்துக்கு அது பாம்பா ஓநாயா என்று பார்க்க நேரமில்லை. ஒரே ஓட்டம். நான் இடது தோளில் விழுந்தேன். ஐந்து வாரம் வில்லைத் தொடவில்லை. முழுக்க என் தப்பு. பாச்சி திட்டவில்லை. தூணியை வாங்கி, அடியில் ஒரு பழைய கம்பளிக் காலுறையைத் திணித்துக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது.

ஒன்றரை மீட்டர் தள்ளி

மே மாதம்தான் கேன்டர் வேகத்தில், அதாவது முழுப் பாய்ச்சலுக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டத்தில், எய்ய அனுமதி கிடைத்தது. எங்கள் தடத்தில் இலக்கு 9 மீட்டர் தள்ளி நிற்கிறது, 90 செ.மீ. அகலம். தரையில் நின்றால் பேசிக்கொண்டே அடிக்கும் தூரம். நேர் எதிரே வந்ததும் விட்டேன். அம்பு இலக்கைத் தொடாமல் முன்பக்கமாகப் போய் வேலியில் அடித்தது. அடுத்ததும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 45 மீட்டர் என்று வைத்தால், 9 மீட்டர் போக 0.2 விநாடி. 90 மீட்டர் தடத்தை 13 விநாடியில் கடக்கிறோம், அதாவது விநாடிக்கு 7 மீட்டர். அம்பு வில்லைவிட்டுக் கிளம்பினாலும் குதிரையின் வேகத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போகும். 0.2 விநாடியில் அது 1.4 மீட்டர் முன்னால் தள்ளிப் போயிருக்கும். இலக்கின் நடுவிலிருந்து ஓரம் 45 செ.மீ.தான், எப்படிப் படும்? ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து ரோட்டில் உருண்டவனுக்குத் தெரிந்த பாடம் இது. எனக்கு காகிதம் தேவைப்பட்டது. காகிதத்தைப் பாச்சியிடம் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "சரி, ஆனால் குதிரைக்கு வாசிக்கத் தெரியாதே" என்றார்.

உண்மைதான். அரைப் பாய்ச்சல் முன்கூட்டியே விட வேண்டும் என்பது தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. வழி காதில் கிடைத்தது. கேன்டரில் குளம்பு மூன்று தட்டுத் தட்டும், அப்புறம் கண்ணிமைக்கும் நேரம் நாலு காலும் காற்றில் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் முதுகு ஆடாது. தகிட, ம். தகிட, ம். வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய், இலக்குக்கு நேராக வருவதற்கு முந்தின 'ம்'-இல் விரலை விட்டேன். தட் என்று ஒரு சத்தம். குதிரை நின்ற பிறகுதான் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. வலது ஓரத்தில், விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே, ஒரே ஒரு அம்பு.

ஆகஸ்ட், புகட்ஸ்

புகட்ஸ் புல்வெளியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குருல்தாய் நடக்கும். ஸ்டெப்பி எனும் பெரும் புல்வெளிகளின் நாடோடி மரபைச் சொந்தம் கொண்டாடும் மக்களெல்லாம் கூடுவார்கள். கூட்டம், தூசி, ஆட்டிறைச்சிக் குழம்பின் வாசனை. அங்கே மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் கட்டைவிரலால் நாணை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாங்கள் மூன்று விரலால் இழுக்கிறோம். அவர் கட்டைவிரலை நாணில் கொக்கிபோல் மாட்டி, ஆட்காட்டி விரலால் பூட்டுகிறார். அம்பு வில்லுக்கு வலது பக்கம் உட்காருகிறது, அதனால் பூட்டுவதற்குக் கை சுற்றிப் போக வேண்டியதில்லை. அவருடைய தோல் உறையைக் கொடுத்து எய்து பார்க்கச் சொன்னார். ஆறு அம்பிலேயே விரல் வீங்கிவிட்டது. துரோணர் ஏகலைவனிடம் ஏன் குறிப்பாகக் கட்டைவிரலைக் கேட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊர் திரும்பியதும் பாச்சியிடம், பழைய மாகியார்களும் கட்டைவிரலால்தானே இழுத்திருப்பார்கள் என்று கேட்டேன். இருக்கலாம், கல்லறையில் விரல் எலும்பு கிடைக்கிறது, பழக்கம் கிடைப்பதில்லை என்றார். இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் தரையில் மட்டும் கட்டைவிரலால் பழகுகிறேன், பூட்டும் நேரம் மறுபடி 5 விநாடிக்கு ஏறிவிட்டது.

போன ஞாயிறு பட்ட 11-இல் முன்பக்கம் 6, பக்கவாட்டில் 4, பின்பக்கம் 1. பின்பக்கம் எய்யும்போது இடுப்பைத் திருப்பினால் வலது குதிகால் தானாகச் செல்லத்தின் விலாவில் அழுந்துகிறது. அது இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பறக்கிறது. குதிகால் தூக்குகிறதா என்று பார்க்க மனைவி தடத்தின் கடைசியில் நின்று போனில் வீடியோ எடுக்கிறாள். கிரிக்கெட் பேச்சை விட்டுவிட்டாள்; அடுத்த வாரம் அவளும் செல்லத்துக்குக் கேரட் கொண்டு வருகிறாளாம்.